பழமில்லாமல் பழமணம்: வீட்டில் காய்ச்சும் கோடைக்கால ஏல், முதல் முறை செய்பவர்களுக்கு

மாம்பழமும் லிச்சியும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்து மணக்கும் ஒரு பீரை முதன்முதலில் குடித்தபோது, அதில் பழச்சாறு கலந்திருக்கிறார்கள் என்றே நம்பினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. மால்ட் என்னும் முளைகட்டிய தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கே பொருள்கள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. ஈஸ்ட் என்பது மால்ட்டின் இனிப்பைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர். அதை எந்த நிமிடத்தில் போடுகிறோம், ஈஸ்ட்டை எந்த வெப்பத்தில் வைத்திருக்கிறோம் என்ற இரண்டு விஷயங்களில்தான் அந்தப் பழமணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் சரியாகச் செய்யும் ஒருவர், முதல் முயற்சியிலேயே நண்பர்களுக்குத் தயங்காமல் ஊற்றிக்கொடுக்கும் பீரைக் காய்ச்சிவிட முடியும்.

நான் காய்ச்சுவது லண்டனில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில். அதனால் அளவும் சிறியது: ஒரு முறைக்கு 10 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாட்டில்கள் சுமார் 18. இந்த அளவுக்கு வீட்டு அடுப்பே போதும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அன்று முதல் சொந்தத் தேவைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே அங்கிருந்து படிப்பவர்கள் இதை அறிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

கோடைக்கால ஏல் என்றால் என்ன?

ஏல் என்பது மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை, லாகர் குளிரில் நொதிப்பது. பிரிட்டனின் பழைய ஏல்கள் பெரும்பாலும் செம்பழுப்பு நிறம், கனமான மால்ட் சுவை. வெளிர்நிற லாகர் பீர் பக்கம் மக்கள் சாய்ந்துகொண்டிருந்த 1980களின் பிற்பகுதியில், சில சிறிய ஆலைகள் லாகரைப் போன்ற பொன்னிறத்தில், ஆனால் ஏல் ஈஸ்ட்டைக் கொண்டு காய்ச்சத் தொடங்கின. வில்ட்ஷரிலுள்ள ஹாப் பேக் ஆலையின் சம்மர் லைட்னிங் அந்த வகையில் பெயர் பெற்றது. நாம் செய்யப்போவது அதைவிட மென்மையானது. ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கசப்பு மிதம், மணம் தாராளம்.

ஒரு முக்கியமான விஷயம்: கோடைக்கால ஏலைக் கோடையில் காய்ச்சாதீர்கள். குடிக்கும் நாளிலிருந்து ஐந்து வாரம் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஜூன் நடுவில் குடிக்க வேண்டுமென்றால் மே முதல் வாரத்தில் காய்ச்ச வேண்டும். இங்கிலாந்தில் அப்போது வீட்டுக்குள் வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு அதுவே பிடித்தமான வெப்பம்.

வாங்க வேண்டியவை

உலர்ந்த கோதுமை மால்ட் சாறு: 500 கிராம்
வெளிர்நிற உலர்ந்த பார்லி மால்ட் சாறு: 600 கிராம்
சிட்ரா ஹாப்ஸ், குளிகை வடிவில்: 50 கிராம்
சாஃபேல் எஸ்-04 ஏல் ஈஸ்ட்: 11.5 கிராம் பொட்டலம் ஒன்று
சாதாரண வெள்ளைச் சர்க்கரை: 60 கிராம்
கேம்ப்டன் மாத்திரை: கால் பங்கு

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். ஆலைகள் அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை வடித்தெடுக்கின்றன. அந்த வடிநீரை வற்றவைத்துப் பொடியாக்கியதுதான் உலர்ந்த மால்ட் சாறு. தானியத்தை ஊறவைப்பதிலிருந்து தொடங்கினால்தான் உண்மையான பீர் என்று சிலர் சொல்வார்கள். முதல் முறைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு வேலையே மூன்று மணி நேரம் பிடிக்கும், கவனத்தையும் தின்றுவிடும். நொதித்தலில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். உங்கள் கவனம் முழுவதும் அங்கே இருக்கட்டும். பொடியில் மிஞ்சியதைக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். ஈரம் பட்டால் வெல்லக்கட்டி போல இறுகிவிடும்.

சிட்ரா அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஹாப்ஸ் வகை. மாம்பழம், பேஷன் பழம், லிச்சி, எலுமிச்சை ஆகிய மணங்கள் அதில் உண்டு. பொட்டலத்தைப் பிரித்த கணமே தெரியும். அதில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா அமில அளவை, அதாவது கசப்புக்குரிய அமிலத்தின் அளவை, பாருங்கள். என் கணக்கு 12 சதவீதத்தை வைத்துப் போட்டது. 14 என்றிருந்தால் முதலில் போடும் ஹாப்ஸை மட்டும் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளலாம்.

பாத்திரங்கள்: 10 லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் பானை, ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பான்) பொருத்திய மூடியுடன் உணவுத்தர பிளாஸ்டிக்கில் 15 லிட்டர் வாளி, தெர்மாமீட்டர், கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், கிராம் காட்டும் சிறிய தராசு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் திரவத்தை இறக்கும் சைஃபன் குழாய், அதன் முனையில் மாட்டும் பாட்டில் நிரப்பும் குச்சி, மூடி அழுத்தும் கருவி, மூடிகள். தராசில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு கிராம் ஹாப்ஸை கரண்டியால் அளக்க முடியாது.

சுத்தம்

இட்லி மாவு புளிக்கும்போது காற்றிலும் உளுந்திலும் இருக்கும் நுண்ணுயிர்களை நாம் வரவேற்கிறோம். கள்ளும் அப்படியே, பாளையிலிருந்து கலயத்தில் விழுந்ததுமே தானாக நொதிக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுத்துப் பதநீராக வைத்திருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். இந்த ஏல் வேறு மாதிரி. நாம் போடும் ஒரே ஈஸ்ட்டைத் தவிர வேறு எந்த உயிரும் உள்ளே நுழையக் கூடாது.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. முதலில் அழுக்கைக் கழுவுவது, பிறகு கிருமியை நீக்குவது. அழுக்கின் மேல் கிருமிநீக்கியை ஊற்றிப் பயனில்லை. கழுவுவதற்கு சோடியம் பெர்கார்பனேட் பொடியும் வெந்நீரும் நல்லது. வாளியைக் கம்பிநாரால் தேய்க்காதீர்கள், கீறல்களில் கிருமி ஒளிந்துகொள்ளும். கிருமிநீக்கத்துக்கு, பீர் காய்ச்சுபவர்களுக்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் வாங்குங்கள். டப்பாவில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்தால் போதும், பின்னர் அலச வேண்டியதில்லை. அதன் நுரை பீரில் கலந்தாலும் கெடுதல் இல்லை. ஒரு தெளிப்புப் புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

கொதித்து முடித்த பிறகு மால்ட் கரைசலைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கப்பட்டிருக்க வேண்டும். வாளி, மூடி, கரண்டி, வடிகட்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் வரை எல்லாமே.

காய்ச்சும் நாள்

முதல் நாள் இரவே 12 லிட்டர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கால் கேம்ப்டன் மாத்திரையை நசுக்கிக் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் மால்ட்டோடும் ஈஸ்ட்டோடும் சேர்ந்தால் மருந்துக்கடை வாடை வரும். இந்த மாத்திரை அதைப் போக்கிவிடும். அந்தத் தண்ணீரில் ஐந்து லிட்டரைக் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநீக்கிய மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளைக்கு அதுதான் உங்கள் குளிரூட்டி.

மறுநாள் மீதி 7 லிட்டரைப் பானையில் சூடாக்குங்கள். கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, கோதுமை மால்ட் சாறு 500 கிராமை மட்டும் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் அடியில் பிடித்துக் கருகும். மீண்டும் பற்றவைத்த பிறகு பானையை விட்டு நகராதீர்கள். பால் பொங்குவது போல இது ஒரே மூச்சில் பொங்கி வழியும். தணலைக் குறைத்து, நுரை தானாக அடங்கும்வரை கிண்டுங்கள். அதன் பிறகு பொங்காது. இனி மூடி போடாமல் அரைமணி நேரம் கொதிக்க வேண்டும்.

இந்த அரைமணி நேரத்தில்தான் பீரின் குணம் முடிவாகிறது. ஹாப்ஸில் கசப்புக்குரிய அமிலங்களும் மணத்துக்குரிய எண்ணெய்களும் இருக்கின்றன. அமிலம் கசப்பாக மாற நீண்ட கொதி தேவை. எண்ணெயோ கொதிக்கும்போது ஆவியோடு பறந்துவிடும். ஆகவே முதலில் போடுவது நாவுக்கு, கடைசியில் போடுவது மூக்குக்கு. நுரை அடங்கியதும் 4 கிராம் சிட்ரா போடுங்கள். கசப்பில் கணிசமான பங்கு அதிலிருந்தே வரும். இருபது நிமிடம் கழித்து, அதாவது கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது 5 கிராம்.

அரைமணி முடிந்ததும் அடுப்பை அணைத்து, மீதி 600 கிராம் பார்லி மால்ட் சாற்றைக் கரையுங்கள். தொடக்கத்திலேயே ஏன் எல்லாவற்றையும் போடவில்லை என்று கேட்கலாம். அடர்ந்த கரைசல் நீண்ட நேரம் கொதித்தால் நிறம் கறுக்கும், ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. கடைசியில் சேர்க்கும் சாறு அந்தச் சூட்டிலேயே கிருமியற்றதாகிவிடும், நிறமும் வைக்கோல் பொன்னிறமாக நிற்கும்.

பானையை மூடித் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். 80 டிகிரிக்கு இறங்கியதும் 16 கிராம் சிட்ரா. இருபது நிமிடம் ஊறட்டும். கொதிநிலைக்குக் கீழே போடுவதால் எண்ணெய் பறக்காமல் கரைசலில் தங்கும். வீடு முழுவதும் மாம்பழ வாசம் வீசும் நேரம் இது. இந்த இருபது நிமிடத்துக்காகவே நான் காய்ச்சுகிறேன் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு வேகமாக ஆற வேண்டும். சிங்க்கில் குளிர்ந்த நீரும் ஐஸும் நிரப்பிப் பானையை இறக்குங்கள். நீர் சூடானதும் மாற்றுங்கள். சுமார் 35 டிகிரிக்கு வந்ததும் வடிகட்டி வழியே வாளிக்குள் ஊற்றி, ஃபிரிட்ஜில் இருந்த குளிர்ந்த நீரைச் சேர்த்து 10 லிட்டர் ஆக்குங்கள். பானையில் ஐந்தரை லிட்டரும் ஐந்து டிகிரியில் நாலரை லிட்டரும் சேர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 21 டிகிரியில் வந்து நிற்கும். ஈஸ்ட்டுக்கு அது சரியான வரவேற்பு. 24 டிகிரிக்கு மேல் இருந்தால் பொறுத்திருங்கள்.

வடிகட்டியில் தங்கிய ஹாப்ஸைக் குப்பையில் போட்டு மூடுங்கள். நாய் வளர்ப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு, உயிருக்கே ஆபத்து.

இப்போது ஹைட்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் 1.000 காட்டும், இது 1.040ஐ ஒட்டி வர வேண்டும். வாளியை மூடி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் தேவை, கொதித்த நீரில் அது இல்லை. பீரின் வாழ்நாளில் காற்று நன்மை செய்யும் ஒரே தருணம் இதுதான். பிறகு ஈஸ்ட் பொட்டலத்தில் பாதியை, சுமார் 6 கிராமை, மேலே தூவி மூடி ஏர்லாக்கை மாட்டுங்கள்.

ஈஸ்ட்டுக்கு இரண்டு வாரம்

பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏர்லாக்கில் குமிழ்கள் வரும். மேலே பழுப்பும் வெள்ளையுமாக அடர்ந்த நுரை எழும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, ஆனால் ஆரோக்கியத்தின் அடையாளம். குமிழே வராவிட்டாலும் உடனே கவலைப்பட வேண்டாம். மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் வாயு பக்கவாட்டில் போய்விடும்.

முதல் நான்கு நாட்கள் வெப்பத்தைக் காவல் காருங்கள். 2022 ஜூலையில், இங்கிலாந்தில் வரலாற்றிலேயே முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய அந்த வாரத்தில், என் வாளி ஒன்று நொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் 29 டிகிரி. நொதித்தலே சூட்டை உண்டாக்கும் என்பதால் வாளிக்குள் இன்னும் கூடுதல். அந்த பீரில் நகப்பூச்சு நீக்கியின் காட்டம் ஏறிவிட்டது. இரண்டு மாதம் வைத்திருந்தும் போகவில்லை, பத்து லிட்டரையும் கொட்டினேன். சூட்டில் ஈஸ்ட் தேவையற்ற கனமான ஆல்கஹால்களையும் எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்களையும் உண்டாக்கிவிடுகிறது. அதே எஸ்டர்கள் 19 டிகிரியில் அளவாக உருவாகும்போது பேரிக்காய், ஆப்பிள் போன்ற இதமான பழமணமாகத் தெரிகின்றன. ஒரே ஈஸ்ட், ஒரே கரைசல். பத்து டிகிரி வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

வாளியை ஒரு பெரிய தொட்டியில் வைத்துப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் வெப்பத்தை மெதுவாகவே மாற்றும். வெயில் ஏறும் நாட்களில், உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் காலையும் மாலையும் தொட்டியில் போட்டால் 20 டிகிரிக்குள் நிற்கும். வாளியை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ஏழாவது நாளில் நுரை படிந்து குமிழ்கள் அரிதாகியிருக்கும். மீதி 25 கிராம் சிட்ராவை இப்போது நேரடியாகத் தூவி உடனே மூடுங்கள். கொதி இல்லாத இந்த உலர் ஹாப்ஸ் கசப்பு அதிகம் சேர்க்காது, மணத்தை மட்டும் ஊட்டும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது போட்டால் வெளியேறும் வாயு மணத்தையும் இழுத்துச் சென்றுவிடும். அதனால்தான் இந்தக் காத்திருப்பு. மூன்று, நான்கு நாட்களுக்கு மேல் ஊறினால் பச்சிலை வாடை தலைகாட்டும் என்பது என் அனுபவம். முடிந்தால் பதினோராம் நாளில் வாளியைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், ஹாப்ஸ் அடியில் படிந்துவிடும்.

பாட்டிலில் அடைக்க அவசரப்படாதீர்கள். ஹாப்ஸிலுள்ள நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகளைச் சிறிது உடைத்துக் கொடுக்கும், அதனால் ஓய்ந்த நொதித்தல் மெல்ல மீண்டும் தொடங்கலாம். ஆகவே பன்னிரண்டாம் நாளும் பதினான்காம் நாளும் ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக, 1.010ஐ ஒட்டி, இருந்தால்தான் முடிந்தது. எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் படக்கூடிய ஆபத்து அது. காலண்டரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

ஆல்கஹால் அளவை அறிய, தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்குங்கள். 0.030 பெருக்கல் 131, சுமார் 3.9 சதவீதம்.

பாட்டிலில் அடைத்தல்

பழுப்புநிற பீர் பாட்டில்கள்தான் வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும். பழச்சாறு வந்த மெல்லிய கண்ணாடிப் பாட்டில்கள் அழுத்தத்தைத் தாங்காது, அவை கூடவே கூடாது.

நுரைக்குத் தேவையான வாயுவை, பாட்டிலுக்குள் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட்டே உண்டாக்கும். அதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. வண்டல் போக 9 லிட்டர் தேறினால் 54 கிராம். அதை 150 மில்லி நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநீக்கிய இரண்டாவது பாத்திரம் ஒன்றின் அடியில் ஊற்றுங்கள். அதன் மேல் பீரைச் சைஃபன் வழியே சலசலப்பில்லாமல் இறக்குங்கள், குழாயின் முனை திரவத்துக்குள் மூழ்கியே இருக்கட்டும். காற்று கலந்தால் சிட்ராவின் மணம் சில வாரங்களில் மங்கி, ஈர அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். மெதுவாக ஒருமுறை கலக்கிவிட்டு நிரப்பும் குச்சியால் பாட்டில்களை நிரப்புங்கள். மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு உடனுக்குடன் மூடுங்கள்.

ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். அதைக் கையால் அழுத்திப் பார்த்தே மற்றவற்றின் நிலையை அறியலாம். கல்லைப் போல இறுகியதும் வாயு ஏறிவிட்டது என்று அர்த்தம். 20 டிகிரியில், இருட்டில், இரண்டு வாரம் ஆகும்.

உண்மையான பழம் சேர்க்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. லண்டனின் ஈஸ்ட் ஹாம், சவுத்ஹால் பகுதிகளில் கிடைக்கும் டின் மாம்பழக்கூழ் கண்ணில் பட்டதும் எனக்கும் அந்த ஆசை வந்தது, செய்தும் பார்த்தேன். டின்னில் வருவது சூட்டால் கிருமிநீக்கப்பட்டது என்பதால் அது வசதி. 10 லிட்டருக்கு ஒரு கிலோ, ஆறாம் நாளில் சேர்க்கலாம். மீண்டும் பொங்கும், இன்னும் ஒரு வாரம் தேவைப்படும், வண்டலும் கூடும். ஆனால் பழத்தின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். மிஞ்சுவது லேசான புளிப்பும் மெல்லிய வாசமும்தான். மாம்பழச்சாறு போல இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோவார்கள். ராஸ்பெர்ரி இதைவிட நன்றாக நிற்கும், நிறமும் தரும். இருந்தாலும் முதல் முறை பழமில்லாமலே செய்யுங்கள். அடிப்படை பீரின் சுவை தெரிந்தால்தான் பழம் என்ன செய்தது என்று தெரியும்.

சுவை பிசகினால்

வெண்ணெய் போன்ற வாடையும் பச்சை ஆப்பிள் வாடையும் பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. ஈஸ்ட் தான் உண்டாக்கிய இந்தப் பொருள்களைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்கு இன்னும் சில நாள் வேண்டும். மருந்து வாடை என்றால் குளோரினையோ சுத்தத்தையோ சந்தேகியுங்கள். எல்லாப் பாட்டில்களும் திறந்ததும் பீறிட்டு, சுவையும் புளித்திருந்தால் வேறு கிருமி நுழைந்திருக்கிறது. அப்போது மற்ற பாட்டில்களைக் குளிரவைத்து, முகத்தை விலக்கி, துணியால் மூடித் திறந்து கொட்டிவிடுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் பாட்டில்களை நிமிர்த்தியபடியே ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள். எஸ்-04 அடியில் இறுக்கமாகப் படியும் ஈஸ்ட், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். 7, 8 டிகிரி இதற்குச் சரி. பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் மணம் எழாது. கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து ஒரே ஓட்டத்தில் ஊற்றி, அடியில் வண்டல் நகரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பாட்டிலில் ஒரு விரற்கடை மிஞ்சும். மாம்பழ வாசம் கூர்மையாக இருப்பது முதல் ஆறு வாரங்களில்தான். ஆகஸ்ட் முடிவதற்குள் அத்தனை பாட்டிலையும் திறந்துவிடுங்கள்.